சாயம் ஏற்றிய மக்ரோனி

முதலில் நிறத்தைப் பற்றிப் பேசிவிடலாம். பிள்ளைகள் கோர்த்து விளையாட, ஒட்டி விளையாட பாஸ்தாவுக்குச் சாயம் ஏற்றப் போகிறோம் என்றால் எந்த பாஸ்தா, எவ்வளவு, எப்படி என்பதெல்லாம் அப்புறம். எந்தச் சாயம் என்பதுதான் முதல் கேள்வி. நாலு வயதுப் பிள்ளையின் கையில் கொடுத்த எந்தப் பொருளும் ஒரு தடவையாவது வாய்க்குப் போய்த்தான் திரும்பும். என் மகள் பென்னே துண்டைக் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டு, நான் பார்க்கும்போது வாயை இறுக மூடிக்கொள்வாள். எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான். அதனால் வாய்க்குள் போனாலும் ஒன்றும் ஆகாத நிறம் மட்டும்தான் எங்கள் வீட்டில் பாஸ்தாவுக்கு.

கோலப்பொடி வேண்டாம். மார்கழியில் வாங்கி மிச்சமிருக்கும் கலர் பொட்டலங்கள் எல்லார் வீட்டு அலமாரியிலும் கிடக்கும். கை அங்கேதான் முதலில் போகும் என்பதால் சொல்கிறேன். அது தரையில் போடச் செய்த பொடி. எந்தக் கல்மாவில் எந்தச் சாயத்தைக் கலந்தார்கள் என்று அந்தப் பொட்டலத்தில் ஒரு வரி இருக்காது. ஹோலிப் பொடியும் துணிச்சாயமும் அப்படியே. போஸ்டர் கலரில் புரட்டி எடுக்கிறவர்களும் இருக்கிறார்கள். அது பாஸ்தாவின் மேல் தோலாகப் படிந்து, காய்ந்தபின் செதில் செதிலாக உதிரும். உதிர்ந்தது பிள்ளையின் விரலில் ஒட்டும், விரல் வாய்க்குப் போகும்.

2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாய்க்குத் தடை வந்தது நினைவிருக்கும். முதலில் புதுச்சேரி, அடுத்துத் தமிழ்நாடு. மாதிரிகளைச் சோதித்தபோது ரோடமைன் பி என்ற சாயம் இருந்தது தெரிந்தது. துணிக்கும் காகிதத்துக்கும் போடுகிற சாயம் அது. உணவில் சேர்க்க அனுமதி கிடையாது. திருவிழாக் கடையில் வாங்கி நாமே பிள்ளைகளுக்கு ஊட்டிய ரோஸ் நிறம் அது என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அதிலிருந்து லேபிள் இல்லாத உதிரிப் பொடி எதையும் வாங்குவதில்லை. 'கேசரிக்குப் போடுறதுதான், எல்லாரும் வாங்கிட்டுப் போறாங்க' என்று தாளில் மடித்துக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன்.

உணவில் சேர்க்க நம் நாட்டில் அனுமதித்த செயற்கைச் சாயங்கள் மொத்தம் 8. டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் எண் போட்டிருப்பார்கள். மஞ்சளுக்கு டார்ட்ரஸைன் 102, ஆரஞ்சு கலந்த மஞ்சளுக்கு சன்செட் யெல்லோ 110. சிவப்பில் கார்மோய்சின் 122, போன்சோ 4ஆர் 124, எரித்ரோசின் 127. நீலத்தில் இண்டிகோ கார்மைன் 132, பிரில்லியன்ட் ப்ளூ 133. பச்சைக்கு ஃபாஸ்ட் கிரீன் 143. இந்த எண்களில் ஒன்றும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிம எண்ணும் இருந்தால் வாங்குங்கள். இரண்டில் எது இல்லாவிட்டாலும் டப்பாவைக் கடையிலேயே வைத்துவிடுங்கள். அனுமதித்த சாயம் என்பதால் பிள்ளை கிண்ணம் கிண்ணமாகத் தின்னலாம் என்று அர்த்தமில்லை. தெரியாமல் ஒன்றைச் சப்பினால் பயப்பட வேண்டாம், அவ்வளவுதான்.

இனி பாஸ்தா. கோர்ப்பதற்கு பென்னேயை மிஞ்ச எதுவும் இல்லை. நேர்க்குழாய், அகலமான ஓட்டை, நுனி சரிவாக வெட்டியிருப்பதால் கயிறு உள்ளே நுழைவது பிள்ளைக்குக் கண்ணில் படும். வளைந்த மக்ரோனி மலிவு, எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும். ஆனால் அந்த வளைவுக்குள் கயிற்றைத் தள்ளி எடுப்பது ஐந்து வயதுக்கு மேல்தான் கைகூடும். சங்கு வடிவம் கரண்டியால் அள்ளிக் கொட்டி விளையாட நல்லது. பட்டாம்பூச்சி வடிவத்தைப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டு போய்த் தலையணைக்கு அடியில் வைப்பார்கள். அட்டையில் ஒட்ட அதுதான் அழகு. திருகு பாஸ்தாவில் நிறம் நன்றாகப் பிடிக்கும், ஆனால் கோர்க்க முடியாது. சேமியா வேண்டாம். ஒடிந்து ஊசி ஊசியாகக் கிடக்கும்.

வாங்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். டுரம் கோதுமை ரவையில் செய்த பாஸ்தா இயல்பிலேயே மஞ்சள். அதன்மேல் நீலம் ஏற்றினால் கடல்பச்சையாகத்தான் வரும். ஊதா ஏற்றினால் சேற்று நிறம். வெள்ளையாக இருக்கும் மைதா மக்ரோனியில் நீலம் நீலமாகவே நிற்கும். சமைக்க டுரம்தான் உயர்த்தி, சாயத்துக்கு மலிவானதே மேல். நல்ல பாக்கெட்டைச் சமையலுக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

நிறத்தைக் கரைக்க வினிகர். வெள்ளை வினிகர், ஃப்ரைட் ரைஸுக்கு ஊற்றுவோமே, அதுதான். தண்ணீரில் கரைத்தால் என்ன என்று எல்லாரும் கேட்பார்கள். தண்ணீர் பட்ட பாஸ்தாவின் மேற்பரப்பு ஊறி உப்பும். பிறகு மேலே காய்ந்து சுருங்கும்போது உள்ளே இருப்பது சுருங்காது. அந்த இழுபறியில் மயிரிழை விரிசல் விழும். பார்க்க முழுசாகத்தான் இருக்கும், பிள்ளை கயிற்றை இழுத்ததும் இரண்டாகப் பிளக்கும். மாலை முடியும் நேரத்தில் அப்படி ஆனால் வீடு தாங்காது. வினிகரிலும் பெரும்பங்கு தண்ணீர்தான், அசிட்டிக் அமிலம் நூற்றுக்கு நாலு பங்குபோல. ஆனாலும் சாயம் சீக்கிரம் பிடித்துவிடுவதால் ஒரு கரண்டியோடு வேலை முடிகிறது. பாஸ்தா ஊறுகிற அளவுக்கு ஈரம் சேர்வதில்லை.

ஏன் சீக்கிரம் பிடிக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். உலர்ந்த பாஸ்தாவில் 100 கிராமுக்குச் சுமார் 12 கிராம் புரதம் இருக்கிறது. அந்த 8 சாயங்களும் தண்ணீரில் எதிர்மின் தன்மையோடு கரைபவை. அமிலம் சேர்ந்தால் புரதம் நேர்மின் தன்மை பெறுகிறது. சாயம் அதைப் போய்ப் பிடித்துக்கொள்கிறது. பட்டு நூலுக்கும் கம்பளிக்கும் அமிலத்தில் வைத்துச் சாயம் ஏற்றுவதும் இதே காரணத்தால்தான், அவையும் புரதம். பருத்திக்கு இந்த வேலை நடக்காது. கோதுமையில் செய்த மக்ரோனித் துண்டும் பட்டு நூலும் சாயத்துக்கு ஒரே ஜாதி என்று என் பெரிய பையனிடம் சொன்னபோது, அவன் ஆச்சியின் பட்டுச்சேலை முந்தானையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளிநாட்டுச் செய்முறைகளில் வினிகருக்குப் பதில் ஸ்பிரிட் ஊற்றச் சொல்வார்கள். உண்மையில் அதில் இன்னும் பளிச்சென்று வரும், ஒரு மணி நேரத்தில் காய்ந்தும்விடும். நான் ஊற்றுவதில்லை. நம் வீடுகளில் இந்த வேலை நடக்கிற மேடையிலேயே காஸ் அடுப்பு இருக்கிறது. ஸ்பிரிட்டின் ஆவி தீப்பிடிக்கக்கூடியது. மூடிய டப்பாவைக் குலுக்கித் திறந்ததும் அந்த நெடி முழுக்கப் பிள்ளையின் முகத்தில் அடிக்கும். வினிகர் வாடையும் பிள்ளைகளுக்குப் பிடிக்காதுதான். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள், திரும்பி வருவார்கள். காய்ந்தபின் வாடை ஓரிரு நாளில் போய்விடும்.

அளவு எளிது. 200 கிராம் பாஸ்தாவுக்கு ஒரு மேசைக்கரண்டி வினிகர், அதில் கால் தேக்கரண்டி தூள் நிறம். திரவமாக இருந்தால் அரைத் தேக்கரண்டி. தூளைப் பாஸ்தாவின் மேல் நேராகத் தூவாதீர்கள். விழுந்த இடத்தில் கரும்புள்ளி விழும், அதை எதுவும் கலைக்காது. ஒரு கிண்ணத்தில் வினிகரோடு நன்றாகக் கரைத்த பிறகு ஊற்றுங்கள். ரோஸ் நிறத்தில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு. டப்பாவில் எரித்ரோசின் 127 என்று இருந்தால் வினிகரில் கரையாமல் திரிந்துபோய்த் துகள் துகளாக நிற்கும். அந்தச் சாயம் அமிலத்தில் கரையாது, நம் கைப்பிசகு இல்லை. அதை மட்டும் ஒன்றிரண்டு தேக்கரண்டித் தண்ணீரில் கரைத்துச் சட்டென்று புரட்டி எடுங்கள், அல்லது கார்மோய்சின் சிவப்பைக் குறைவாகப் போட்டு ரோஸ் வரவையுங்கள். நான் இரண்டாவதைத்தான் செய்கிறேன்.

இந்த வேலையைப் பிள்ளைகள் தூங்கியபின் நாம் செய்து, காலையில் எழுந்ததும் நீட்டுவது எனக்குச் சம்மதமில்லை. செய்வதில்தான் பாதி சந்தோஷம் இருக்கிறது, பாதிக்கும் மேலே என்றுகூடச் சொல்வேன். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் பாஸ்தாவைப் போட்டு, நிறத்தை ஊற்றி, மூடியை நான் திருகிக் கொடுக்கிறேன். ஜிப் கவர் என்றால் இரண்டு கவர், ஒன்றுக்குள் ஒன்று. பென்னேயின் சாய்ந்த முனை கவரைக் குத்தி ஓட்டை போட்டுவிடும். பிறகு குலுக்கல். பெரியவன் ஆட்டும்போது சின்னவள் எண்ணுவாள், சின்னவள் ஆட்டும்போது அவன் எண்ணுவான், முப்பதுக்கு மேல் தாண்டினால் சண்டை.

முதலில் பார்த்தால் பிடிக்காததுபோலவே தோன்றும். இரண்டு துண்டு அடர்சிவப்பு, மூன்று துண்டில் கோடு கோடாகச் சிவப்பு, மற்றதெல்லாம் வெறும் பாஸ்தா. விடாமல் ஆட்ட வேண்டும். ஈரம் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றும். பென்னேயின் மேல் ஓடுகிற வரிப்பள்ளங்களில்தான் சாயம் முதலில் இறங்கும். கொஞ்ச நேரத்துக்கு ஒவ்வொரு துண்டும் கோடு போட்ட சட்டை மாட்டியதுபோல இருக்கும். அதற்குப் பிறகுதான் மேடுகள் நிறம் பிடிக்கும். குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் உள்பக்கம் வெளியைவிட வெளிறியிருக்கும். அது அப்படியே இருக்கட்டும். சின்னவளுக்கு அந்த உள்நிறம்தான் பிடிக்கிறது, ஒரு கண்ணை மூடிக்கொண்டு துண்டு துண்டாகப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். பத்து நிமிடம் போதும். இன்னும் ஊறட்டும் என்று விட்டால் ஒன்றோடொன்று ஒட்டத் தொடங்கும்.

காயவைக்க அகலமான எவர்சில்வர் தாம்பாளம். செய்தித்தாள் வேண்டாம், மையும் ஒட்டும் தாளும் ஒட்டும். தட்டில் ஒற்றை வரிசையாகப் பரத்தி, அரைமணிக்கு ஒருதரம் கையால் துழாவிவிடுங்கள். பாளையங்கோட்டை வெயிலைப் பார்த்தால் வத்தல்போல மொட்டைமாடியில் கொண்டுபோய்க் கொட்டத்தான் தோன்றும். கொட்டாதீர்கள். சுள்ளென்ற வெயிலில் சட்டென்று காய்ந்தால் முன்னே சொன்ன அதே விரிசல் விழும், நிறமும் வெளுக்கும். கூடத்து நிழலில், ஃபேன் காற்றுப் படாத மூலையில் ஒரு ராத்திரி. ஐப்பசி கார்த்திகை மழையில் இரண்டு நாள்கூட ஆகலாம். காய்ந்ததா என்று காதாலேயே சொல்லலாம். தட்டை ஆட்டினால் கலகலவென்று ஓடும், ஈரம் இருந்தால் மந்தமாக நகரும். சந்தேகம் என்றால் பழைய வெள்ளைத் துணியில் ஒன்றைத் தேய்த்துப் பாருங்கள்.

அடுத்து எழுதப்போவதைத் தாண்டிப் போக எனக்கு மனசில்லை. முதன்முதலாகத் தாம்பாளத்தில் சிவப்பும் பச்சையுமாகக் காய்வதைப் பார்த்தபோது அத்தை, "ஏம்மா, திங்குத பொருளுக்குப் போயி சாயம் ஏத்தி வச்சிருக்க?" என்றார்.

"பிள்ளைங்க விளையாடத்தான் அத்தை."

"விளையாட வேற ஒண்ணும் கெடைக்கலையா? ஒத்தப் பருக்கை சிந்துனா எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டு வாயில போடச் சொல்லுவா எங்கம்மா. கீழ கெடந்தாலும் சரி."

அத்தை சொன்னதில் நியாயம் இருக்கிறது. அதை எதிர்த்துப் பேச என்னிடம் அன்றும் பதில் இல்லை, இன்றும் தேடவில்லை. வேளைக்குச் சோறு கிடைக்காத பிள்ளைகள் இருக்கிற ஊரில் உணவை விளையாட்டுப் பொருளாக ஆக்குவது சின்ன விஷயமில்லை. அதனால் எங்கள் வீட்டில் அரிசிக்குச் சாயம் ஏற்றுவதில்லை. பருப்பைக் கொட்டி விளையாட விடுவதுமில்லை. தேதி முடிந்த பாக்கெட், வண்டு விழுந்த பாக்கெட், உடைந்து போனது, இதெல்லாம் சேர்ந்தால்தான் சாயம். வண்டு விழுந்ததைக் கவரில் கட்டி ஃப்ரீஸரில் நாலைந்து நாள் வைத்து எடுத்தால் புழுவும் முட்டையும் செத்துவிடும். சலித்து உபயோகிக்கலாம். ஒரு தரம் ஏற்றியது வருஷக்கணக்கில் வரும். இந்த ஒப்பந்தம் அத்தைக்கும் சரி, எனக்கும் சரி. இது அத்தைக்காக விட்டுக்கொடுத்தது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். கடையில் புதுப் பாக்கெட் வாங்கி இரண்டு நாள் விளையாடிக் குப்பையில் கொட்டுகிற வீடியோக்களைப் பார்க்கும்போது எனக்கே மனசு பதறுகிறது.

ஒப்பந்தம் முடிந்த கையோடு அத்தைதான் இன்னொன்றை எடுத்துக் கொடுத்தார். எண்ணெயில் போட்டால் பொரிந்து குழாய் குழாயாக வருகிற மஞ்சள் அப்பளம் இருக்கிறதே, பள்ளிக்கூட வாசலில் விற்பது, பத்து விரலிலும் மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கடிப்போமே. அது பொரிக்காமல் பச்சையாக இருக்கும்போது சின்னச் சின்னக் கட்டைக் குழாய். "நாங்க சின்னதுல அதக் கோத்து மாலை போட்டுருக்கோம். வெளையாடி முடிச்சு எங்கம்மா அதையே பொரிச்சுக் குடுத்துருவா" என்றார். பொருளும் வீணில்லை, மாலையும் ஆச்சு. கலர் அப்பளம் வாங்கும்போதும் மேலே சொன்ன அதே லேபிள் கதைதான் என்பதால் சாயம் போடாத வெள்ளைக் குழாய் வாங்கிக் கோர்க்கக் கொடுத்தோம். ஓட்டை சின்னது, பெரியவனுக்கு மட்டும் ஒத்துவந்தது. மாலையில் பொரித்ததும் தீர்ந்தது.

காய்ந்த பாஸ்தாவைக் கொடுத்ததும் மாலை கோர்க்கச் சொல்லாதீர்கள். கொஞ்சநேரம் சும்மா விடுங்கள். அள்ளுவார்கள், கொட்டுவார்கள், ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவார்கள். அதுவே ஒரு வேலை. கரண்டியால் தானியத்தை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குச் சிந்தாமல் மாற்றுவது மாண்டிசோரி வகுப்பில் பெரிய பாடம். மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தார். போர் வந்ததால் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது, அதில் சில வருஷம் கொடைக்கானல். நம் சமையலறையில் தினம் நடக்கிற புடைப்பதும் அள்ளுவதும் ஊற்றுவதும் பிள்ளையின் கைக்கும் மனதுக்கும் எவ்வளவு வேண்டியவை என்று அவர் எழுதியதையும் பேசியதையும் படித்தபிறகு, கிண்ணத்தைத் தட்டிவிட்டாள் என்று சின்னவளை அதட்டுவதை நான் விட்டுவிட்டேன்.

கோர்க்க ஆரம்பிக்கும்போது மூன்று வயதுப் பிள்ளைக்குக் கயிறு வேண்டாம். ஒரு கை துண்டைப் பிடிக்க, இன்னொரு கை கயிற்றைப் பிடிக்க, கயிறோ வளைய, ஓட்டையோ நகர, பிள்ளை அழுதுவிடும். சப்பாத்தி மாவு உருண்டை ஒன்றைத் தட்டில் அழுத்தி, அதில் மெல்லிய காகித ஸ்ட்ராவைச் செங்குத்தாக நட்டுக் கொடுங்கள். மேலிருந்து ஒவ்வொன்றாகப் போடட்டும். ஓட்டைக்குள் நுழையாத தடிமனாக இருந்தால் நீளவாக்கில் கீறிச் சுருட்டி நடலாம். விளக்குமாற்று ஈர்க்குச்சி சரியான தடிமன்தான், ஆனால் குனியும்போது கண்ணில் குத்தும், வேண்டாம். ஸ்ட்ராவில் கை பழகியபின் ஷூ லேஸ். லேஸின் நுனியில் பிளாஸ்டிக் பூண் இருக்கிறது, ஓட்டைக்குள் தானாக நுழையும். மறுநுனியில் ஒரு துண்டைக் கட்டி முடிச்சுப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் இந்தப் பக்கம் கோர்க்கக் கோர்க்க அந்தப் பக்கம் உருவிக் கொட்டும்.

சின்னவள் கோர்க்கும்போது நாக்கு வெளியே வந்துவிடும். வலது கையால் லேஸை நுழைப்பாள், மறுபக்கம் எட்டிப் பார்க்கும் பூணை இடது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து பிடிக்கும். உடனே வலது கை விட வேண்டும். அந்த விடுகிற கணம்தான் கஷ்டம். இரண்டு கையும் பிடித்தபடியே திகைத்து நிற்பாள். நான் வாயைத் திறப்பதில்லை. பென்சில் பிடிக்கப்போகிற அதே மூன்று விரல்கள் அங்கே தாமாகவே வேலை கற்றுக்கொண்டிருக்கின்றன. சிவப்பு, பச்சை, சிவப்பு, பச்சை என்று வரிசை மாறாமல் போட வேண்டும் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை, ஒருநாள் அவளே போட்டாள். நடுவில் அண்ணன் ஒரு மஞ்சளைச் செருகியதும் வீடே அதிர்ந்தது. பெரியவனுக்கு வேறு விளையாட்டு. நிறத்துக்கு ஒரு மதிப்பு: மஞ்சள் ஒன்று, பச்சை பத்து, சிவப்பு நூறு. 243 என்று சொன்னால் கோர்த்துக் காட்ட வேண்டும். புத்தகத்தில் இடமதிப்புக் கணக்குக்கு முறைத்துக்கொண்டு உட்கார்ந்தவன் இதில் என்னையே சோதிக்கிறான்.

இப்போது கண்டிப்பாகச் சொல்ல வேண்டியவை. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு இதைக் கொடுக்காதீர்கள், பக்கத்தில் உட்கார்ந்துகொண்டும் வேண்டாம். உடைந்த மக்ரோனி மூச்சுக்குழாய்க்குப் போகிற அளவுதான். பெரிய பிள்ளைகள் விளையாடும் இடத்தில் தவழ்கிற பிள்ளை இருந்தால் மேசைமேல் விளையாட்டு, முடிந்ததும் தரையைக் கூட்டியாக வேண்டும். அடுத்து மூக்கு. பிள்ளைகள் மூக்கிலும் காதிலும் எதையாவது செருகிக்கொள்வது எல்லா ஊரிலும் உண்டு. மணியோ பொத்தானோ என்றால் போட்ட அளவிலேயே இருக்கும். பாஸ்தா, பருப்பு, கடலை போன்றவை மூக்கின் ஈரத்தை உறிஞ்சி உப்பிவிடும், நேரம் போகப்போக எடுப்பது கஷ்டம். காதுக்குள் போனதென்று தண்ணீர் ஊற்றினாலும் இதே கதி. வீட்டில் ஊக்கு, சாவி, கொண்டை ஊசி வைத்து நோண்டாமல் அன்றைக்கே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். ஒரே பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி வடிந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும், பிள்ளை சொல்லாவிட்டாலும். கோதுமை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் விளையாட வந்தால் இந்த டப்பாவை எடுக்கவே வேண்டாம்.

'எதற்கு இத்தாலிக்காரன் சாமான், நம் விதைகள் இல்லையா' என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று. புளியங்கொட்டையும் சோழியும் எங்கள் வீட்டிலும் உண்டு, பல்லாங்குழி ஆடுகிறோம். ஆனால் கோர்க்கக் குன்றிமணியை எடுக்காதீர்கள். சிவப்பில் கருப்புப் பொட்டு வைத்த அந்த விதையில் அப்ரின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. தோடு கெட்டி என்பதால் முழுசாக விழுங்கினால் பல சமயம் அப்படியே வெளியேறிவிடும். துளையிட்டாலோ மென்றாலோதான் உள்ளே இருப்பது வெளியே வரும். மாலை கோர்க்க வேண்டுமென்றால் துளையிடாமல் முடியாது. பாஸ்தாவில் ஓட்டை ஏற்கெனவே இருக்கிறது, மென்றாலும் அது கோதுமை. நான் இதைக் கையில் எடுத்ததற்கு முக்கியக் காரணமே அதுதான்.

டப்பா நிறமே வேண்டாம் என்கிறவர்கள் தோட்டத்திலிருந்து ஆரம்பிக்கலாம். சங்குப்பூ இருக்கிறதா? ஒரு கை பூவை இரண்டு மூன்று தேக்கரண்டி வெந்நீரில் நசுக்கினால் மைநீலம் வரும். அதைப் பாஸ்தாவில் புரட்டி, பாதியைத் தனியாக எடுத்து அதன்மேல் மட்டும் வினிகர் தெளியுங்கள். பிள்ளைகள் கண்முன்னாலேயே நீலம் ஊதாவாகி, இன்னும் தெளித்தால் கருஞ்சிவப்புக்கு ஓடும். பூவில் இருக்கிற சாயம் அமிலம் பட்டதும் அப்படி மாறும். மஞ்சள்தூள் இதற்கு நேர் எதிர். வினிகரில் மஞ்சளாகவே நிற்கும், காரம் பட்டால் சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து, அதனால் சமையல் சோடாக் கரைசலில் செய்து காட்டுங்கள், செம்மண் நிறம் வரும். இயற்கை நிறங்களில் விரிசல் கொஞ்சம் கூடும், சில வாரத்தில் வெளுக்கும், மஞ்சள் கையில் ஒட்டும். பீட்ரூட் இரண்டே நாளில் பழுப்பாகிவிடுவதால் அதை நான் சிபாரிசு செய்வதில்லை. மாலைக்கு டப்பா நிறம், ஆச்சரியத்துக்குச் சங்குப்பூ என்று பிரித்து வைத்திருக்கிறேன்.

ஈரம் துளி இல்லாமல் காய்ந்தபின் நிறத்துக்கு ஒரு பாட்டில். அரிசியில் வண்டு வராமல் வரமிளகாய் போட்டுவைப்போம், இதில் போடாதீர்கள், தொட்ட கை கண்ணுக்குப் போகும். காய்ந்த வேப்பிலையும் வேண்டாம், நொறுங்கிக் கலந்துவிடும். இறுக்கமான மூடி போதும், மழைக்காலத்தில் மாதம் ஒரு தரம் தட்டில் கொட்டிப் பாருங்கள். உடைந்து தேய்ந்ததைச் செடித்தொட்டியில் புதைத்துவிடலாம். பசையும் ஜிகினாவும் பட்டதை மண்ணில் போடக் கூடாது.

நவராத்திரிக்குக் கொலு வைக்கிற வீடுகளில் பிள்ளைகளுக்குப் படிக்குக் கீழே பூங்கா போட ஒரு மூலை கிடைக்கும். அதற்கு வேண்டுமென்றால் பத்து நாள் முன்னாலேயே நிறம் ஏற்றிவிடுங்கள். புரட்டாசியில் எப்போது தூறும் என்று சொல்ல முடியாது. பச்சை எப்போதும் மற்றதைவிட இரண்டு மடங்கு தேவைப்படும், வேலியும் மரமும் புல்லும் எல்லாம் பச்சை. வேலிக்கு பென்னேயைச் செங்குத்தாக அட்டையில் ஒட்டுங்கள், பாதைக்கு உடைந்த மக்ரோனி, குளத்தோரத்துக்குச் சங்கு. ஒட்ட மைதாப் பசை வேண்டாம், எறும்பு வரும், ஒன்பது நாளும் நிற்காது. வெள்ளைப் பசை டப்பா ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.